பிள்ளை கை ஓங்கும் வீடு: பெற்றோர் மீதான வன்முறை பற்றி ஓர் அறிமுகம்

ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். அம்மா, பதினான்கு வயதுப் பையன், ஒன்பது வயதுத் தங்கை. அப்பாவுக்கு வாரத்தில் நான்கு நாள் வெளியூர் வேலை. படுக்கையறைக் கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு பாதம் நுழையும் அளவுக்கு ஓட்டை; அதை மறைத்து எப்போதும் ஒரு துண்டு தொங்குகிறது. சமையலறையில் கத்திகள் பழைய இடத்தில் இல்லை, எங்கே இருக்கின்றன என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி அவள் மகளின் அறையில் படுக்கிறாள். தாழ்ப்பாள் போட்டு, கதவுக்கு முட்டுக்கொடுத்து ஒரு நாற்காலியும் வைக்கிறாள். யாராவது கேட்டால், "சின்னவளுக்குத் தனியாப் படுக்க பயம்" என்கிறாள். பையனைப் பற்றிக் கேட்டால், "கொஞ்சம் கோபக்காரன், மத்தபடி தங்கம்" என்கிறாள். இந்த இரண்டாவது பதில் முழுப் பொய்யும் இல்லை.

வீடு கற்பனைதான். ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்களோடு வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொன்னால் அவர்களுக்கு எதுவும் புதிதாகத் தோன்றாது. ஓட்டையை மறைக்கும் துண்டு, இடம் மாறிய கத்தி, "கோபக்காரன்" என்ற சொல் எல்லாமே அவர்களுக்குப் பழக்கமானவை.

பெரியவர்கள் குழந்தையை அடிப்பதற்கு மருத்துவ உலகம் ஒரு பெயர் வைத்தது 1962-இல். ஹென்றி கெம்ப் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும், விளக்கம் சொல்லப்படாத எலும்பு முறிவுகளோடு வரும் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். இதன் தலைகீழ் வடிவத்துக்கு, அதாவது அடிபடும் பெற்றோருக்கு, ஒரு பெயர் கிடைக்க மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின. ஹார்பின், மேடன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-இல் அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் குடும்பங்களில் அவர்கள் கண்ட முக்கியமான விஷயம் ரகசியம். நடப்பதை வெளியே மறைப்பதோடு நிற்காமல், வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் 'அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மௌனம் பெரிதாக ஒன்றும் உடைந்துவிடவில்லை.

எதை வன்முறை என்கிறோம்

முதலில் வயதைப் பிரித்துக்கொள்வோம். வயதான அப்பா அம்மாவை வளர்ந்த பிள்ளைகள் அடிப்பது, சொத்தை எழுதி வாங்குவது, சோறு போடாமல் விடுவது எல்லாம் முதியோர் மீதான கொடுமை. அதற்கான சட்டமும் பேச்சும் தனி. இந்தக் கட்டுரை பேசுவது இன்னும் பெற்றோரின் பொறுப்பில், அவர்கள் கூரையின் கீழ் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றி. பெரும்பாலும் பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை, சில வீடுகளில் அதற்கு முன்பே.

அடுத்து, எது வன்முறை இல்லை என்பதையும் பிரித்துக்கொள்வோம். ஒரு பக்கம் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தை அம்மா முகத்தில் அறைவது வன்முறை இல்லை. ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற கனடா ஆய்வாளர் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, பலரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்: மனிதர்கள் அதிகமாகக் கை நீட்டுவது பதின்வயதில் அல்ல, இரண்டு மூன்று வயதில். அடிக்க யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, அடிக்காமல் இருக்கத்தான் கற்றுக்கொள்கிறோம். பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் அதைக் கற்றுவிடுகிறார்கள். சிலருக்கு அந்தப் பாடம் முழுதாகப் படிவதில்லை, சிலருக்குப் படிந்தது பின்னால் கலைந்துபோகிறது.

மறுபக்கம் சாதாரண பதின்வயது முரண்டு. கதவை அறைந்து சாத்துவது, "உன்னை எனக்குப் பிடிக்கல" என்று கத்துவது, இரண்டு நாள் பேசாமல் இருப்பது எல்லாம் அதில் அடங்கும். கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் வயதோடு கடந்துவிடும். எங்கே அது வேறொன்றாக மாறுகிறது? என்னிடம் கேட்டால் ஒரே ஒரு அளவுகோலைச் சொல்வேன்: பயந்து உங்கள் நடவடிக்கையை மாற்றிக்கொள்கிறீர்களா? "அவன் எழுந்துட்டான், டிவிய அணை" என்று குரலைத் தாழ்த்துவது, விருந்தாளிகளை அழைக்காமல் விடுவது, ஒரு விஷயத்தைக் கேட்கலாமா என்று காலடி ஓசையை வைத்து முடிவு செய்வது எல்லாம் சேர்ந்தால் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாழ்வதுதான். அடி விழாவிட்டாலும் அது வன்முறைதான்.

கனடாவைச் சேர்ந்த பார்பரா காட்ரெல் 2001-இல் கொடுத்த வரையறையைப் பலரும் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். பெற்றோர் மேல் அதிகாரமும் கட்டுப்பாடும் பெறுவதற்காக, உடலாலோ மனத்தாலோ பணத்தாலோ அவர்களுக்குச் சேதம் விளைவிக்கும் பிள்ளையின் எந்தச் செயலும் அதில் சேரும். இதன் பலம், அடிதடியோடு நிறுத்தாதது. கெட்ட வார்த்தை, மிரட்டல், பொருளை உடைப்பது, பர்ஸிலிருந்து பணம் எடுப்பது, அம்மாவின் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, வெளியே போகவிடாமல் வாசலை மறித்து நிற்பது, "நான் சொன்னதைச் செய்யலன்னா செத்துடுவேன்" என்பது எல்லாமே உள்ளே வந்துவிடுகின்றன. இதன் பலவீனம் 'அதிகாரம் பெறுவதற்காக' என்ற சொற்கள். எல்லாப் பிள்ளையும் அதிகாரத்துக்காக அடிப்பதில்லை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

யார் அடிக்கிறார்கள், யார் அடிபடுகிறார்கள்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரேச்சல் காண்ட்ரி, கரோலின் மைல்ஸ் இருவரும் லண்டன் மாநகரக் காவல்துறையின் பதிவேடுகளைத் தோண்டினார்கள். 2009-10-இல், ஒரே ஆண்டில், பதின்வயதினர் பெற்றோரைத் தாக்கியதாகவோ மிரட்டியதாகவோ பொருளை உடைத்ததாகவோ 1,892 புகார்கள். சந்தேகத்துக்குள்ளானவர்களில் 87 சதவீதம் பையன்கள். பாதிக்கப்பட்டவர்களில் 77 சதவீதத்துக்கு மேல் பெண்கள். மகன் அம்மாவை அடிப்பதுதான் காவல் நிலையம்வரை வரும் வழக்கமான சித்திரம்.

'காவல் நிலையம்வரை வரும்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடமே பெயர் கேட்காமல் நடத்தும் ஆய்வுகளில் பையனுக்கும் பெண்ணுக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் வருவதில்லை. பெண் பிள்ளை அடித்தால் போலீஸைக் கூப்பிடப் பலருக்குத் தோன்றுவதில்லை. மகனிடம் அடி வாங்கியதாக ஓர் அப்பா வாய் திறந்து சொல்வதும் அபூர்வம். தோளுக்கு மேல் வளர்ந்தவன் தோழன் என்று சொல்லி வளர்ந்தவர்களிடம், தோளுக்கு மேல் வளர்ந்தவன் கழுத்தைப் பிடித்தான் என்பதற்கு வார்த்தை இல்லை.

ஏன் அம்மா? அவள்தான் கூட இருக்கிறாள். 'போதும், வை' என்று சொல்வதும் 'எழுந்திரு' என்று சொல்வதும் அவள்தான். அதற்கும் மேலே ஒரு கசப்பான காரணம் உண்டு. என்ன செய்தாலும் இவள் விட்டுப் போகமாட்டாள் என்று பிள்ளைக்குத் தெரியும். வாத்தியாரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நாள் முழுக்க அடக்கியதை வந்து கொட்ட அந்த ஒரு இடம்தான் இருக்கிறது. அதனால்தான் பள்ளிக்கூடத்தில், "உங்க பையனா? இங்கே வாயே திறக்க மாட்டானே" என்கிறார்கள். அந்த வாசகம் ஓர் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று சொல்கிறவர் நினைக்கிறார். அவள் காதில் விழுவது 'பிரச்சினை உன்னிடம்தான்' என்று.

ஒரு போன், ஒரு நாற்காலி

இது எப்படி வளர்கிறது என்பதை ஜெரால்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து, நொடிக்கு நொடி குறித்துவைத்து விளக்கினார். அவர் கண்டது மிகச் சாதாரணமானது. நம் கற்பனை வீட்டிலேயே பார்க்கலாம்.

ராத்திரி பத்து மணி. அம்மா, "போனை வெச்சுட்டுப் படு" என்கிறாள். "அஞ்சு நிமிஷம்." பத்து நிமிஷம் கழித்து இன்னொரு முறை. பையன் குரல் உயர்கிறது. அவள் கிட்டே வந்து கையை நீட்டுகிறாள். அவன் பக்கத்தில் இருந்த நாற்காலியை எட்டி உதைக்கிறான். அது சுவரில் மோதுகிறது. அடுத்த அறையில் சின்னவள் எழுந்து அழுகிறாள். அம்மா, "என்னவோ பண்ணு" என்று போய்விடுகிறாள். உடனே வீடு அமைதி.

இப்போது யாருக்கு என்ன கிடைத்தது? அவனுக்குப் போன் கிடைத்தது. நாற்காலியை உதைத்தால் வேலை நடக்கும் என்று உடம்பு கற்றுக்கொண்டது. இதை எல்லோரும் கவனிப்பார்கள். கவனிக்காமல் விடுவது அம்மாவுக்குக் கிடைத்ததை. அவளுக்கு அமைதி கிடைத்தது. விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று அவள் உடம்பும் கற்றுக்கொண்டது. இரண்டு பேருக்குமே பரிசு கிடைத்ததால்தான் இந்த வலை இவ்வளவு இறுக்கமாகிறது. மறுநாள் அவள் பயந்து, முந்தின நாளுக்கும் சேர்த்து, முதல் வார்த்தையே கத்தலாக ஆரம்பிக்கிறாள். சில நாள் அந்தக் கத்தலுக்கு அவன் அடங்குகிறான். ஆக, யார் சத்தமாக இருக்கிறார்களோ அவர்களுக்கே ஜெயம் என்பது வீட்டின் சட்டமாகிவிடுகிறது. அடுத்த முறை நாற்காலி போதாது. ஆறு மாதம் கழித்து நாற்காலிக்குப் பதில் அம்மாவின் தோள்.

இதில் யாரும் வில்லன் இல்லை. பையன் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. அம்மா சோம்பலில் விட்டுக்கொடுக்கவில்லை, ஒரு சின்னக் குழந்தையைத் தூங்கவைக்க வேண்டியிருந்தது.

சரி, எல்லா வீட்டிலும்தான் போனுக்குச் சண்டை வருகிறது. ஏன் சில வீடுகளில் மட்டும் இப்படி முற்றுகிறது? ஒற்றைக் காரணம் சொல்கிறவரை நம்பாதீர்கள். அடிக்கடி தென்படுவது, அந்தப் பிள்ளை முன்பே வீட்டில் அடிதடியைப் பார்த்திருப்பது. அப்பா அம்மாவை அடித்த வீட்டில், அப்பா வெளியேறிய பிறகு, காலியான அந்த நாற்காலியில் மகன் உட்கார்ந்துகொள்வான். அதே வசவு, அதே முகபாவம். தப்பித்தோம் என்று மூச்சு விட்ட அம்மாவுக்கு அது இரண்டாவது முறை நடக்கும் அதே கதை. வேறு சில பிள்ளைகளுக்குச் சின்ன வயதில் பட்ட காயம், தத்தெடுக்கப்படும் முன் பட்ட புறக்கணிப்பு. சிலருக்குப் போதைப் பழக்கம். சிலருக்கு வெளியே யாரோ கொடுக்கும் தொல்லை.

முன்பு தள்ளிவைத்த விஷயம் இங்கேதான் வருகிறது. ஆட்டிசமோ கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறோ உள்ள சில பிள்ளைகளுக்குச் சத்தம், வெளிச்சம், திடீர் மாற்றம் தாங்கும் எல்லையைத் தாண்டினால் உடம்பு கட்டவிழ்ந்துவிடும். அந்த நேரத்தில் கையில் படுகிறவரை அடிப்பது அதிகாரத்துக்காக அல்ல. தண்ணீரில் மூழ்குகிறவன் காப்பாற்ற வந்தவரைப் பிடித்து அழுத்துவது போன்றது. அந்தப் பிள்ளைக்குத் தண்டனையால் எதுவும் மாறாது. சுமையைக் குறைத்தால் மாறும். ஆனால் அம்மாவின் தோளில் உள்ள காயம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். 'அவன் வேண்டுமென்று செய்யவில்லை' என்பது அவளுக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. ஒரே பிள்ளையிடம் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. திங்கட்கிழமை தாங்க முடியாமல் வெடித்தது, வியாழக்கிழமை வெடித்தால் வேண்டியது கிடைக்கும் என்ற அறிவாகவும் மாறலாம்.

இந்தக் கட்டத்தில் யாராவது, "அடியாத மாடு படியாது, ஆரம்பத்திலேயே நாலு சாத்து சாத்தியிருக்கணும்" என்பார்கள். பழமொழி மாட்டுக்குச் சரியோ என்னவோ, பிள்ளைகள் விஷயத்தில் ஆய்வுகள் எதிர்த்திசையில்தான் நிற்கின்றன. அடி வாங்கி வளரும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் குறைவதில்லை. கூடுவதோடுதான் தொடர்பு காணப்படுகிறது. யோசித்தால் புரியும். பலம் உள்ளவன் அடிக்கலாம் என்ற பாடத்தைப் பத்து வருஷம் நடத்திவிட்டு, பதினைந்தாம் வயதில் பலம் கை மாறும்போது பாடம் மறந்துபோக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

தட்டுகிற கதவுகள்

இப்போது நம் அம்மா தைரியம் வந்து உதவி கேட்கப் புறப்படுகிறாள் என்று வையுங்கள்.

மருத்துவர், "பையனைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்கிறார். அவன் வரமாட்டான், வருவானாக இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. பள்ளிக்கூடம் தன் வளாகத்தில் எதுவும் நடக்கவில்லை என்கிறது. குழந்தைகள் பாதுகாப்புத் துறையின் வேலை பெரியவர்களிடமிருந்து குழந்தையைக் காப்பது. அங்கே கேட்கும் முதல் கேள்வி, "நீங்க அவனை அடிச்சிருக்கீங்களா?" ஒருமுறை தடுக்கப் போய்க் கையைப் பிடித்து முறுக்கியது ஞாபகம் வந்து அவள் வாயை மூடிக்கொள்கிறாள். குடும்ப வன்முறை உதவி மையம் கணவனிடம் அடிபடும் பெண்ணுக்காகக் கட்டப்பட்டது. அங்கே சொல்லும் ஆலோசனையின் அச்சாணி 'விலகி வா' என்பது. தான் பெற்ற, இன்னும் சட்டப்படி தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையிடமிருந்து எங்கே விலகுவது? விட்டுப் போனால் அவள்தான் குற்றவாளி. மகளைக் கூட்டிக்கொண்டு போனால் அவனை யார் பார்ப்பது? போலீஸ் வந்தால் இரண்டே வழி: மிரட்டிவிட்டுப் போவார்கள், அல்லது அவன் பெயரில் வழக்கு. முதலாவதில் அன்றைய ராத்திரி மோசமாகும். இரண்டாவதில் அவன் எதிர்காலம் போகும். இரண்டையும் அவள் கேட்கவில்லை.

சொந்தக்காரர்கள் கடைசி. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே." அல்லது, "அவனை நீ எடுத்ததுக்கெல்லாம் குறை சொல்ற." இரண்டையும் ஒரே சித்தியே ஒரே மாலையில் சொல்லக்கூடும்.

ஒவ்வொரு கதவும் தன் வேலையைத்தான் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொன்றும் 'ஒரு குற்றவாளி, ஒரு அப்பாவி' என்ற அச்சில் வார்க்கப்பட்டது, பெரும்பாலும் அப்பாவி சின்னவன் என்ற கணக்கில். இந்த வீட்டில் அடிக்கிறவனும் குழந்தை, பாதுகாக்கப்பட வேண்டியவனும் அதே குழந்தை. அடிபடுகிறவளே அவனுக்குப் பொறுப்பு. எந்த விண்ணப்பப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.

சட்டத்திலும் அப்படியே. இங்கிலாந்து, வேல்ஸில் குடும்ப வன்முறை என்ற சொல்லுக்கான அரசாங்க வரையறையில் 2013-இல் வயது வரம்பை 18-லிருந்து 16-ஆக இறக்கினார்கள். 2021-இல் வந்த சட்டமும் இரு தரப்பும் 16 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும் என்றே சொல்கிறது. பதினைந்து வயது மகன் அம்மாவின் விரலை உடைத்தால் அது தாக்குதல் குற்றமாகலாம். குடும்ப வன்முறைக் கணக்கில் வராது. கணக்கில் வராதது திட்டத்தில் வராது, திட்டத்தில் வராததற்குப் பணம் வராது. அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கணக்கெடுக்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்பெயின் உதாரணம். அங்கே 2000-இல் நிறைவேறிய இளையோர் குற்றச் சட்டம் 14 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கானது. அதில் நீதிபதிகளின் கையில் ஒரு வித்தியாசமான கருவி இருக்கிறது. பிள்ளையைச் சிறை போன்ற இடத்துக்கு அனுப்பாமல், குறிப்பிட்ட காலம் வேறொரு குடும்பத்தோடோ பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் சிறு குழு வீட்டிலோ தங்கவைக்கலாம். பள்ளிப் படிப்பு தொடரும், பெற்றோரும் அதே நேரத்தில் ஆலோசனைக்கு வருவார்கள், பிறகு சிறிது சிறிதாக வீடு திரும்புவான். அரசு வழக்குரைஞர்கள் ஆண்டறிக்கையில் இதைத் தனித் தலைப்பாகவே எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கை பல ஆண்டுகளாக ஆண்டுக்கு 4,000-க்கு மேல். ஸ்பெயின் பிள்ளைகள் மற்றவர்களைவிட மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கே போய்ச் சொன்னால் ஏதோ கிடைக்கும் என்பதால் போய்ச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுன்டியில் 1997 முதல் 'ஸ்டெப் அப்' என்று ஒரு திட்டம். பதின்வயதினரும் பெற்றோரும் ஒரே குழுவாக உட்கார்ந்து, போன வாரம் என்ன நடந்தது, அதில் நான் செய்தது என்ன என்று பேசுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் குடும்ப வன்முறை பற்றி விசாரித்த அரச ஆணையம் 2016-இல் தந்த அறிக்கையில் இதற்குத் தனி அத்தியாயமே உண்டு. இப்படி அங்கங்கே விளக்கு எரிகிறது. பெரும்பாலான இடங்களில் இல்லை.

ரகசியத்தைக் கலைப்பது

கிடைக்கும் வழிகளில் எனக்கு மிகவும் அர்த்தமுள்ளதாகப் படுவது, டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாயிம் ஓமர் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை. பெயரே அறப்போராட்டம்தான்: காந்தியும் மார்ட்டின் லூதர் கிங்கும் அரசுகளுக்கு எதிராகக் கையாண்ட வன்முறையற்ற எதிர்ப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தார். பிள்ளை ஒத்துழைக்காவிட்டாலும் இதைத் தொடங்கலாம் என்பதுதான் இதன் பெரிய சௌகரியம். "பையனைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லாத ஒரே கதவு என்றுகூடச் சொல்லலாம்.

இதில் பெற்றோர் முதலில் கைவிட வேண்டியது ஜெயிக்கும் ஆசையை. பிள்ளையைக் கட்டுப்படுத்த முடியாது, தன்னைக் கட்டுப்படுத்தலாம். இரும்பைச் சூட்டோடு அடி என்பார்கள். ஓமர், ஆறின பிறகு அடி என்கிறார். நாற்காலி உதைபட்ட அந்த நிமிஷத்தில் நியாயம் பேசாதே, கடைசி வார்த்தை உன்னுடையதாக இருக்க வேண்டாம், அறையை விட்டு வெளியே போ. ஆனால் மறுநாள் மாலை, எல்லோரும் அமைதியாக இருக்கும்போது, போய் உட்கார்ந்து, "நேத்து நடந்ததை நான் மறக்கல. யோசிச்சுட்டு வந்திருக்கேன்" என்று சொல். பேட்டர்சன் சொன்ன வலையில் இது கத்தரியை வைக்கும் இடம். விட்டுக்கொடுப்பதும் இல்லை, பதிலுக்குக் கத்துவதும் இல்லை.

பிறகு ஓர் அறிவிப்பு. பெரும்பாலும் எழுதியே கொடுப்பார்கள். குட்டியான கடிதம். நம் வீட்டில் அது இப்படி இருக்கலாம்: "நீ என்னையும் தங்கையையும் அடிப்பதையும் பொருளை உடைப்பதையும் இனி நாங்கள் சகித்துக்கொண்டிருக்க மாட்டோம். உன்னை ஜெயிக்கவோ அவமானப்படுத்தவோ இதைச் செய்யவில்லை. இனி இதைத் தனியாகச் சமாளிக்கப் போவதில்லை. நமக்கு வேண்டியவர்களிடம் சொல்லப் போகிறோம். உன்னை நேசிக்கிறோம். அம்மா, அப்பா." அதில் மிரட்டலும் நிபந்தனையும் இருக்காது. அவன் கிழித்துப் போடலாம். பரவாயில்லை, பதிலுக்காக எழுதிய கடிதம் இல்லை அது.

அப்புறம் நடப்பதுதான் கடினம், முறையின் உயிரும் அதுதான். நாலு பேருக்குச் சொல்வது. தாத்தா, மாமா, அவனுக்குப் பிடித்த பழைய டீச்சர், அப்பாவின் நண்பர் என்று ஐந்தாறு பேரைச் சேர்ப்பார்கள். அவர்கள் திட்ட வரவில்லை. சம்பவம் நடந்த மறுநாள் ஒருவர் போன் செய்து, "டேய், செவ்வாய்க்கிழமை என்ன நடந்ததுன்னு தெரியும். உன்னை எனக்குப் பிடிக்கும். ஆனா அம்மா மேல கை வைக்கறது நிக்கணும். உனக்கு ஏதாவது வேணும்னா என்கிட்டப் பேசு" என்று மட்டும் சொல்கிறார். அவ்வளவுதான். 'நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்' என்ற பயம் இத்தனை நாள் யாரைக் காப்பாற்றியது என்று பார்த்தால், வன்முறையை மட்டும்தான். மூடின கதவுக்குப் பின்னால் உதைக்க முடிந்தவனுக்கு, தாத்தாவுக்குத் தெரியும் என்று தெரிந்த பிறகு அதே உதை அவ்வளவு லேசாக வராது.

அதோடு கூடவே, பிள்ளை நல்லபடியாக நடந்தானா இல்லையா என்று பார்க்காமல் சின்னச் சின்ன அன்பு. பிடித்த படத்தைப் போட்டு உட்காருவது, கிழிந்த பையைத் தைத்துக் கொடுப்பது. பரிசாகவும் லஞ்சமாகவும் இல்லாமல். அவன் உதறினாலும் மறுபடி. பல அம்மாக்களுக்கு இதுதான் முடியாமல் போகிறது, பயந்த இடத்தில் பாசம் காட்டுவது லேசு இல்லை. அதனால்தான் முதலில் பக்கபலம், பிறகு பாசம் என்று வரிசை வைப்பது நல்லது.

இது மந்திரம் இல்லை. தொடக்கத்தில் வன்முறை கூடுவதும் உண்டு, பழைய வழி வேலை செய்யாதபோது அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பது மனித இயல்பு. அதனால் பாதுகாப்பு ஏற்பாடு முன்பே வேண்டும். கூர்மையான பொருள்கள் பூட்டில் இருக்கட்டும். சின்னவளுக்கு ஒரு சொல் கற்றுக்கொடுத்து, அதைக் கேட்டதும் எந்த அறைக்கு அல்லது எந்தப் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வையுங்கள். வெளியேறும் வழியை அடைத்து நிற்காதீர்கள், துரத்தாதீர்கள். தேதி போட்டுக் குறிப்பு எழுதுங்கள்: என்ன நடந்தது, அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது. பசி, தூக்கமின்மை, பரீட்சை, ஒரு குறிப்பிட்ட ஆளின் போன் என்று ஏதாவது மறுபடி மறுபடி தலைகாட்டும். மருத்துவரிடம் போகும்போது "கோபம் அதிகம்" என்பதைவிட இந்தக் காகிதம் பத்து மடங்கு பேசும். புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

தற்கொலை மிரட்டலை மிரட்டல்தானே என்று தள்ளாதீர்கள்; அதற்குப் பயந்து போனையும் கொடுத்துவிடாதீர்கள். "நீ சொன்னதை நான் பெரிசா எடுத்துக்கறேன், அதனால டாக்டர்கிட்டப் பேசப் போறேன்" என்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழி. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் போலீஸையோ ஆம்புலன்ஸையோ கூப்பிடுவது துரோகம் இல்லை. ஒரு கொலையோ நிரந்தர ஊனமோ நடந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன எதிர்காலம் மிஞ்சும் என்று ஒரு நிமிஷம் நினைத்தால் தயக்கம் கொஞ்சம் குறையும்.

இதைப் படிக்கும் பெரும்பாலானவர்கள் அந்த வீட்டில் இருக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். யாராவது உங்களிடம் "கொஞ்சம் கோபக்காரன்" என்று சொல்லி, சொன்ன பிறகு உங்கள் முகத்தையே ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தால், அவர் சோதித்துப் பார்க்கிறார். அங்கே "என் பையனும் அப்படித்தான்" என்று சிரித்தால் கதை முடிந்தது. "எங்கே தப்பு பண்ணினோம்னு யோசிச்சீங்களா?" என்றால் அதைவிட மோசம். ஆலோசனை எதுவும் வேண்டாம். குரலை மாற்றாமல் ஒரு கேள்வி போதும்: "நேத்து ராத்திரி நீங்க எங்கே படுத்தீங்க?"